உஷார்! ஆஃபர் லெட்டர் வந்தாச்சா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு எக்ஸ்எல் வண்டி வந்து நின்றால் எனக்கு அடிவயிற்றில் புளி கரைக்கும். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் வீட்டுக்கு அந்த நேரத்தில் வருகிறவர்கள் ஒன்று கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஃபைலில் வெளிநாட்டுக் காகிதத்தோடு வருவார்கள். பத்திரிகைக்காரர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். காகிதக்காரர்கள், "சார், இது ஒரிஜினல்தானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருவார்கள்.

போன வருஷம் அப்படி வந்தவர், சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடித்துப் போய்ப் பதினான்கு வருஷம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். கூடவே மகன். பி.காம். முடித்தவன், பிளஸ் டூவில் என்னிடம் படித்தவன். கனடாவில் இரண்டு வருஷ டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏஜென்ட் போட்டுக்கொடுத்த கணக்கு ரொம்பச் சுலபம். ரெண்டு வருஷம் படிப்பு, மூணு வருஷம் ஒர்க் பெர்மிட், அதற்குள் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. இந்தக் கணக்கை நம்பி இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டு முதல் தவணையைக் கட்டியாகிவிட்டது.

கடிதம் ஒரிஜினல்தான். முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் சரி. ஆனால் தலைப்பில் ஒரு கல்லூரியின் பெயர் இருந்தது; உள்ளே மூன்றாவது பத்தியில், வளாக முகவரியோடு, வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது. பட்டயம் கொடுப்பது அரசுக் கல்லூரி. பாடம் நடத்துவது, அதனிடமிருந்து பாடத்திட்டத்தை உரிமம் வாங்கி நடத்தும் தனியார் கல்லூரி. இந்த மாதிரி ஏற்பாட்டில் 2024 மே 15 முதல் சேருகிறவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பெர்மிட் கிடையாது என்று கனடா அறிவித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஏஜென்ட் போட்ட பந்தலின் நடுக்காலே இல்லை.

நான் சொன்னதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதெல்லாம் இங்கிலீஷ்லதானே சார் இருக்கு? இவன் உங்ககிட்டதானே இங்கிலீஷ் படிச்சான்? இவனுக்கு ஏன் சார் தெரியல?"

அவன் பிளஸ் டூ ஆங்கிலத்தில் வாங்கியது 91. அந்த 91-ல் எனக்கும் பங்கு உண்டு. கவிதைக்கு நயம் பாராட்டுவான். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவான். காய்ச்சல் என்று வகுப்பாசிரியருக்கு லீவு லெட்டர் பிழையில்லாமல் எழுதுவான். நிபந்தனையோடு வரும் ஒரு சேர்க்கைக் கடிதத்தையோ, ஒரு வேலை ஒப்பந்தத்தையோ, 'நான் ரீஃபண்டபிள்' என்ற சொல் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்பதையோ முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் யாருக்கும் காட்டியதில்லை. காட்டு என்று பாடத்திட்டமும் சொல்லவில்லை. அந்தப் பையன் அப்படிப்பட்ட காகிதத்தை முதல்முதலாகப் பார்த்ததே ஏசி போட்ட ஏஜென்ட் அறையில், அதை விற்கிறவர் கையில்தான்.

அதனால் இந்த உஷார் பெற்றோருக்கு மட்டும் இல்லை. வாத்தியார்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டு எதிரே, முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி போர்டு தொங்குகிறது. வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 2024-ல் வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். போகிற கூட்டம் பெருகப் பெருக, அந்தந்த நாடுகள் வாசலைக் குறுக்கிக்கொண்டே வருகின்றன. கனடா 2024 ஜனவரியில் படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு போட்டது. அங்கே போய் வாழக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய தொகை ரொம்ப காலமாக 10,000 கனடிய டாலராக இருந்தது; 2024 தொடக்கத்தில் அதை 20,635 ஆக்கினார்கள், 2025 செப்டம்பரில் 22,895. பிரிட்டன் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்ற மாணவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ கூட அழைத்து வரக் கூடாது என்றது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்தியது. ஆஸ்திரேலியா 710 டாலர் மாணவர் விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் ஒரே தாவாக 1,600 ஆக்கி, அடுத்த வருஷம் 2,000 ஆக்கியது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று குண்டு போட்டது.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. எல்லாம் அந்தந்த அரசாங்கத்தின் இணையதளத்தில், சாதாரண ஆங்கிலத்தில், தேதி போட்டு இருக்கிறது. ஆனால் ஏஜென்ட் வைத்திருக்கும் வழுவழுப்பான பிரசுரம் மட்டும் மாறுவதே இல்லை. 2021-ல் போன பக்கத்து ஊர்ப் பையன் கதையைச் சொல்லி இன்றைக்கும் பணம் வாங்குகிறார்கள். "எங்க சேவை ஃப்ரீ சார்" என்கிறார்களே, அது எப்படி முடிகிறது என்று யாராவது கேட்கிறோமா? பையன் சேர்ந்ததும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தக் கல்லூரி ஏஜென்டுக்குக் கமிஷனாகத் தருகிறது. எந்தக் கல்லூரி அதிகம் தருமோ அதுதான் 'உங்க பையனோட ப்ரொஃபைலுக்கு பெஸ்ட்'. தரகர் கமிஷன் வாங்குவதில் தப்பில்லை, மாட்டுச் சந்தையிலும் வாங்குகிறார். அங்கே துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடிப்பவருக்கு யார் பக்கம் தரகர் நிற்கிறார் என்று தெரியும். இங்கே தெரிவதில்லை.

2023-ல் கனடாவில் வெடித்த போலிக் கடித விவகாரம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிக்கியவர்கள் பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகள். ஜலந்தரில் ஏஜென்சி நடத்தியவர், பெயர் பெற்ற அரசுக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் என்று ஒன்றைக் கொடுத்தார். அதை வைத்து விசாவும் கிடைத்தது. பிள்ளைகள் டொரன்டோவில் இறங்கியதும் ஏஜென்டிடமிருந்து போன்: "அந்தக் காலேஜ்ல சீட் ஃபுல் ஆயிடுச்சு, வேற காலேஜ்ல சேர்ந்துக்க, கட்டின ஃபீஸைத் திருப்பித் தர்றேன்." பணம் திரும்ப வந்ததால் சந்தேகம் வரவில்லை. பாருங்கள், அங்கேதான் சூட்சுமம். மோசடிக்காரன் பணத்தைத் திருப்பித் தருவானா என்றுதானே நமக்குத் தோன்றும்! வேறு கல்லூரியில் உண்மையாகவே படித்து, உண்மையாகவே தேறி, வேலைக்கும் சேர்ந்து, பி.ஆருக்கு விண்ணப்பித்தபோதுதான் கனடாவின் எல்லைச் சேவை முகமை பழைய கடிதத்தைத் தூசி தட்டிப் பார்த்து, போலி என்றது. வருஷக்கணக்கில் படித்துச் சம்பாதித்ததற்கு மேல் நாடு கடத்தல் உத்தரவு. அந்த ஏஜென்ட் பிற்பாடு கனடாவில் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பஞ்சாபில் 2012-லேயே ஏஜென்டுகளை முறைப்படுத்தத் தனிச் சட்டம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சட்டம் இருந்த ஊரில்தான் இது நடந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது, விமானம் ஏறுவதற்கு முன்பு அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு, அதன் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு, நாலு வரி மின்னஞ்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "என் பெயர் இது, என் மாணவர் எண் இது, எனக்கு நீங்கள் இடம் கொடுத்திருக்கிறீர்களா?" அவ்வளவுதான். 2023 டிசம்பர் முதல் கனடாவே ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடம் கேட்டுச் சரிபார்க்கிறது. அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கடிதம் அசலாக இருந்து கல்லூரி மோசமாக இருந்தால் எந்தச் சரிபார்ப்பும் காப்பாற்றாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2022 ஜனவரியில் ஒரே நிறுவனத்தின் மூன்று தனியார் கல்லூரிகள் திடீரென்று கதவடைத்தபோது நடுத்தெருவில் நின்றவர்கள் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். அவர்கள் கையில் இருந்தவை எல்லாம் அசல் கடிதங்கள்.

இன்னொன்றும் உண்டு, கேட்டால் கதை மாதிரி இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. இணையதளம் உண்டு, சின்னம் உண்டு, கட்டணம் உண்டு. வகுப்பு மட்டும் கிடையாது. வகுப்புக்குப் போகாமலே மாணவர் விசாவைத் தக்கவைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள், பலர் தெலுங்குப் பிள்ளைகள். 2019 ஜனவரியில் தெரிந்தது, அதை நடத்தியதே அமெரிக்கக் குடியேற்றத் துறை. வலை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். 129 இந்திய மாணவர்களைக் கைது செய்தார்கள். அரசாங்கமே பொய்க் கல்லூரி நடத்தலாமா என்று நமக்குக் கோபம் வரலாம், எனக்கும் வந்தது. ஆனால் விசா காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன். வகுப்பு இல்லாத கல்லூரி கல்லூரியா என்ற கேள்வியை அவனிடமும்தான் கேட்டார்கள், ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்டுகளிடம் மட்டும் அல்ல.

டாக்டர் படிப்புக்கு வருவோம். இங்கேதான் பணமும் கண்ணீரும் அதிகம்.

நீட்டில் மார்க் போதவில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் செலவு கோடியைத் தொடுகிறது. பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, கிர்கிஸ்தான், ரஷ்யா என்றால் முப்பது நாற்பது லட்சத்தில் முடியும். இதில் எதுவும் பொய் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-ல் போட்ட விதியை யார் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. படிப்பு குறைந்தது 54 மாதம். அதே வெளிநாட்டு நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. பாடம் ஆங்கிலத்தில். அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி. திரும்பி வந்தபின் தகுதித் தேர்வு, அதற்கு மேல் இந்தியாவில் 12 மாதப் பயிற்சி. கிளம்புவதற்கு முன் நீட் தேறியிருக்கவும் வேண்டும்.

54 என்ற இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே முதலில் பி.எஸ். என்று ஒரு பட்டப்படிப்பு, பிறகு நான்காண்டு எம்.டி. ஏஜென்ட் இரண்டையும் கூட்டி "அஞ்சரை, ஆறு வருஷம் எம்.பி.பி.எஸ்." என்றுதான் விற்றார். ஆணையமோ பி.எஸ். மருத்துவப் படிப்பே அல்ல, கணக்கில் சேராது என்றது. எம்.டி. மட்டும் என்றால் 48 மாதம். ஆறு மாதம் துண்டு விழுகிறது. விதி வந்த நேரத்தில் பி.எஸ். படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகள் நட்டாற்றில் நின்றார்கள். 48, 54-ஐ விடச் சிறியது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு எண்களும் எந்தெந்தக் காகிதத்தில் இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தகுதித் தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு, 150 எடுத்தால் போதும். 2024 ஜூனில் எழுதியவர்களில் தேறியவர்கள் சுமார் 21 சதவீதம். அந்த ஒரு தடவைதான் என்று நினைக்காதீர்கள், பல தடவைகளில் ஏறத்தாழ அதே கதைதான். பிள்ளைகள் மக்கு என்று சொல்ல நான் தயாரில்லை. வகுப்பறையில் ஆங்கிலம், வார்டில் நோயாளி பேசுவது ரஷ்ய மொழி அல்லது ஜார்ஜிய மொழி. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தெரியாமல் மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் ஓரமாக நின்றவள் எதைக் கற்றுக்கொண்டு வருவாள்? என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்: "சார், நாங்க பேஷண்டைப் பாத்தோம். பேஷண்ட் எங்களைப் பாக்கல." உக்ரைன் போர் மூண்டபோது 2022-ல் திரும்பி வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல். உயிரோடு வந்ததே போதும் என்று கட்டிக்கொண்டு அழுதோம். பாதியில் நின்ற படிப்பை இங்குள்ள கல்லூரியில் தொடர விதியில் இடமில்லை என்பது அதற்குப் பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

இப்போது ஒரு சின்ன விஷயம். சின்னது என்று தாண்டிப் போய்விடாதீர்கள், இது முழுக்க முழுக்க நம் ஊர்ப் பிரச்சினை.

நம் பெயர். உலகத்தில் பல பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, நமக்கு இனிஷியல் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் 'கா. செந்தில்குமார்'. ஆதாரில் 'செந்தில்குமார் கா'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொல்வதால் 'செந்தில்குமார் காளியப்பன்'. சில பேர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவருக்கு முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே வங்கியில், டிரைவிங் லைசென்ஸில், சம்பளச் சீட்டில் எல்லாம் அவன் மிஸ்டர் எஃப்என்யு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்து, பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தியது. இடையில் ஏர்போர்ட்டில் தவித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நாளில் பள்ளி ஆபீஸில் நடப்பதை நான் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். கிளார்க் கத்துவார்: "டேய், உன் பேர் 'வ'வுக்கு வி போடணுமா டபிள்யூ போடணுமா?" பையன் முழிப்பான். "ஏதோ ஒண்ணு போடுங்க சார்." அந்த 'ஏதோ ஒண்ணு' பத்து வருஷம் கழித்து ஜெர்மன் தூதரகத்தில் இரண்டு பேர் ஒருவர்தான் என்று உறுதிமொழிப் பத்திரமாகவும் நோட்டரிச் செலவாகவும் திரும்பி வருகிறது. பட்டியல் போகும் முன் ஒரு பீரியட் ஒதுக்கி, ஆதாரும் பிறப்புச் சான்றும் பள்ளிப் பதிவேடும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் ஒரு பைசா செலவில்லை.

படிக்கப் போகிறவர்களை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்தால், இந்த விவகாரத்தில் என்னைத் தூங்கவிடாத ஒரு முரண் இருக்கிறது.

1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், காப்பீடு உண்டா என்று பார்ப்பார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் ₹30,000-க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. பதிவு எண் சரியா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறிவிட்டால் அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன், காகிதத்தைப் படித்துப் பார்த்துத் தன்னைக் காத்துக்கொள்வான் என்று சட்டம் எங்கள் பள்ளிக்கூடத்தை நம்புகிறது!

அந்த நம்பிக்கையை நாங்கள் காப்பாற்றிய லட்சணத்தை மியான்மர் எல்லையில் உள்ள மியாவாடியில் பாருங்கள். 'டேட்டா என்ட்ரி', 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்', தாய்லாந்தில் வேலை, நல்ல சம்பளம், தங்குமிடம் இலவசம். டெலிகிராமில் இன்டர்வியூ. டூரிஸ்ட் விசாவில் பாங்காக். அங்கிருந்து காரில் மே சோட் என்ற எல்லை ஊர். பிறகு ராத்திரியில் மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மர். மதில் வைத்த வளாகம், பாஸ்போர்ட் பறிபோகும், நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களோடு காதல் பேசியும் முதலீட்டு ஆசை காட்டியும் ஏமாற்றும் வேலை. மறுத்தால் அடி, மின்சாரம். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 540-க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டி வந்தார்கள். அந்த வேலைக்குத் தற்குறி பயன்பட மாட்டான். கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் தெரிந்தவன்தான் வேண்டும். பட்டதாரிகளாகப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். படிக்காதவனுக்குச் சட்டத்தில் ஒரு வேலியாவது உண்டு. எங்கள் சான்றிதழை வாங்கியவன் வேலிக்கு வெளியே நிற்கிறான்.

மாணவர் சேர்க்கை ஆலோசகர் என்று போர்டு மாட்டியவர் இந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்தான் பதிவு செய்ய வேண்டும். பிள்ளையை அனுப்புகிறவருக்கு ஒரு வாடகைக் கட்டடமும் இரண்டு நாட்டுக் கொடியும் போதும்.

பிலிப்பைன்ஸை மேலே கொஞ்சம் கறாராகச் சொல்லிவிட்டேன், அதே நாட்டிடம் கற்றுக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் நாடு அது என்பார்கள். போகிறவர்களை அவர்கள் சும்மா அனுப்புவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இலவசமாக ஒரு வகுப்பு, விமானம் ஏறும் முன் கட்டாயமாக இன்னொரு வகுப்பு. போலி ஏஜென்டை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது, பாஸ்போர்ட்டை முதலாளி கேட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அங்கே பாடம். நம் அரசும் தொழிலாளர்களுக்குப் புறப்படுமுன் பயிற்சி என்று நடத்துகிறது. நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. வேலைக்கு ஆள் அனுப்பும் அரசு நிறுவனமே 1978 முதல் இருக்கிறது, அதன் பெயர் பெரும்பாலான பிளஸ் டூ வாத்தியார்களுக்குத் தெரியாது என்று நான் பந்தயம் கட்டத் தயார். 2022-ல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தின் மூலம் மேல்படிப்பு வழிகாட்டலுக்குப் பள்ளியில் நேரமும் கிடைத்திருக்கிறது. என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று அதில் சொல்கிறோம். எப்படிப் போவது, போன இடத்தில் கதவடைத்தால் எப்படித் திரும்புவது என்பதையும் அதே நேரத்தில் சொல்லலாமே.

இதற்குப் புதிதாகப் பாடநூல் அச்சடித்து, மூன்று வருஷம் கமிட்டி உட்கார வேண்டியதில்லை. லீவு லெட்டர் எழுதும் ஆங்கில வகுப்பில் ஒரு நாள் ஆஃபர் லெட்டரைப் படிக்க வைக்கலாம். பெயர்களை மறைத்துவிட்டு ஓர் அசல் கடிதத்தைக் கொடுத்து, "எந்த வரியில் உன் பணம் போகும், கோடு போடு" என்று கேட்டுப்பாருங்கள், வகுப்பில் ஈ பறக்கும் சத்தம் கேட்கும். கணக்கு வகுப்பில் கூட்டு வட்டி நடத்தும்போது முப்பது லட்சம் கல்விக் கடனுக்கு மாதத் தவணை என்ன, அதைக் கட்ட அங்கே மணிக்கு எத்தனை டாலர் சம்பாதிக்க வேண்டும், வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் கனடாவில் மாணவர் வெளி வேலை பார்க்கக் கூடாது என்ற விதிக்குள் அது முடியுமா என்று போடச் சொல்லலாம். அந்தக் கணக்கை நான் ஒருமுறை என் திண்ணையில் போட்டுக் காட்டினேன். போடும்போதே இரண்டு பேர் முகம் மாறிவிட்டது.

"என்ன சார், போகிற பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்களே" என்று ஒரு ஹெச்.எம். என்னிடம் கேட்டார். பயமுறுத்தத்தான் செய்கிறேன், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கடல் தாண்டுவது நமக்குப் புதிதா? ராமநாதபுரம் பக்கம் பயணம் போகிறவருக்குச் சபுராளி என்று தனிப் பெயரே உண்டு. என் மாணவன் ஒருவன் ஜெர்மனியில் நர்ஸ். இங்கேயே ஜெர்மன் மொழியில் பி2 வரை தேறி, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனவன். சனிக்கிழமைகளில் நேரம் கிடைத்தால் வீடியோ காலில் வந்து நம் பிள்ளைகளிடம் பேசுகிறான். குளிர், தனிமை, வாடகை, முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம் போனபோது தான் அழுதது, எல்லாவற்றையும் சொல்கிறான். எந்த ஏஜென்ட் பிரசுரத்திலும் அந்தப் பிடித்தம் பற்றி நான் படித்ததில்லை.

சரி, அந்தப் பி.காம். பையன் என்ன ஆனான்? கட்டணத்தைத் திரும்பக் கேட்டு மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. நான் எழுதித் தருகிறேன் என்றார் அப்பாவின் நண்பர் ஒருவர். வேண்டாம், அவனே எழுதட்டும் என்றேன். ஐந்து தடவை எழுதி ஐந்து தடவை கிழித்தான். கல்லூரி ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை மூன்றரை மாதம் கழித்து அனுப்பியது. ஏஜென்ட் வாங்கிய 'புராசஸிங் சார்ஜ்' வரவில்லை. அதற்கு ரசீதே இல்லை. நிலம் இன்னும் ஒத்தியில்தான் இருக்கிறது. பையன் இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே எக்ஸ்எல் வாசலில் வந்து நின்றது. எனக்கு வழக்கம்போல் வயிறு கலங்கியது. பின்னால் உட்கார்ந்து வந்தவள் அவனுடைய சித்தப்பா மகள், கையில் பிளாஸ்டிக் ஃபைல். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவன் திண்ணையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏதோ ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"பணம் கட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல சார்" என்றான். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பி, "உன் பாஸ்போர்ட்டை எடு, இனிஷியலை எப்படிப் போட்டிருக்கான்னு பாப்போம்."